வாசல் வரை வந்துவிட்டவள்

பெருங்கடலையே தாண்டி வந்தவளுக்குத் துறைமுகத்து வாசலைத் தாண்ட முடியவில்லை என்றால் ஊர் சிரிக்குமா, சிரிக்காதா? ஊர் சிரிப்பதற்கு முன்பே அவளுடைய தம்பி புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

"வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதையாப் போச்சு மாமா," என்றான். குடும்பத்தில் அவனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்து நாற்பது பேரை வேன் பிடித்துக் கூட்டி வந்தவன் அவன்தான். 'வருக அக்கா' என்று துணியில் எழுதி வேறு கொண்டுவந்திருந்தான். காற்று அந்தத் துணியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

மாமா, அதாவது அவளுடைய புருஷன், லிஃப்ட் மெக்கானிக். கையில் வாக்கி டாக்கி, கண் கடலில். அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் வெள்ளையாக ஒரு பாய் தெரிந்தது. அதற்குக் கீழே அவருடைய பெண்டாட்டி இருந்தாள். இரண்டு மாதத்துக்கு மேலாகத் தன்னந்தனியாக, பருப்பும் பிஸ்கெட்டும் தின்றுகொண்டு, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்திருக்கிறாள்.

ஏதோ பெரிய மாலுமிக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. ஊரில் பாதிப் பேருக்குப் பவர் பார்த்துக் கொடுத்தவள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிடும்போது, "நான் தனியா ஒரு கடலைத் தாண்டணும்," என்றாள். அவர் சிரித்தார். மறுவாரமே அவள் படகுச் சங்கத்தில் சேர்ந்தாள், அவருடைய சிரிப்பு அடங்கியது. பிறகு விடுமுறை நாட்களில் கயிறு பிடிக்கக் கூடப் போய், ஒவ்வொரு தடவையும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினார். "வீடு வாசல் இருக்கறவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள்.  கேட்டவர்களுக்கும் சேர்த்து அவள் கண்ணாடி மாட்டிவிட்டாள்.

சங்கத்து விதி ஒன்று உண்டு. படகின் எஞ்சினுக்கு சீல் வைத்துவிடுவார்கள். அந்த சீலை உடைத்தாலும் சரி, வேறு படகு போடுகிற கயிற்றைப் பிடித்தாலும் சரி, கடலைத் தனியாகக் கடந்ததாகக் கணக்கில் வராது, அதற்குச் சங்கம் தருகிற சீட்டும் கிடைக்காது. பத்து வருஷமும் தண்ணீரில் போய்விடும்.

இன்று பார்த்துத் துறைமுகத்து வாய் கொதித்துக்கொண்டிருந்தது. கடல் வற்றுகிற நேரம், உள்ளேயிருந்து தண்ணீர் வடிந்து வெளியே ஓடுகிறது. வெளியிலிருந்து காற்று எதிரே தள்ளுகிறது. இரண்டும் மோதி, இரண்டு சுவர்களுக்கும் நடுவில் அலை ஆள் உயரத்துக்கு எழும்பி உடைந்தது. தண்ணீர் மறுபடி உள்ளே திரும்பும்போது இருட்டிவிடும். இருட்டில் அந்த இடுக்கில் பாய் விரித்து நுழைகிறவனுக்குப் புத்தி கெட்டிருக்க வேண்டும்.

துறைமுகக் கோபுரத்தில் வேலை பார்க்கிற அம்மாள் கீழே இறங்கி வந்தாள். "சார், இழுவைப் படகு தயாரா இருக்கு. ஆனா அவங்க கேக்கணும். இல்லன்னா அவங்களுக்கு உடம்பு முடியலன்னு குடும்பத்துலேர்ந்து நீங்க சொல்லணும். ஒரு வார்த்தை போதும், அனுப்பிடறேன்."

"சொல்லுங்க மாமா," என்றான் ஸ்பீக்கர். "இல்லாட்டி நேரா உள்ள வரச் சொல்லுங்க. நடுக்கடல்ல பாக்காத அலையா? அக்காவுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை. கரையில் நிற்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்குமா? மெக்கானிக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பொத்தானை அழுத்தினார்.

"என்னம்மா, கேக்குதா?"

"கேக்குதுங்க." குரல் இழுத்தது, குடித்தவர் பேசுகிற மாதிரி. "பைனாகுலர்ல உங்களப் பாத்துட்டேன். சிவப்புச் சட்டை போட்டிருக்கீங்க. மெலிஞ்சிட்டீங்க."

"நீ எப்ப தூங்கின?"

"கரை கிட்ட வந்ததுலேர்ந்து தூங்கல. கப்பலும் வலையுமா இருக்கு, கண்ணை மூட முடியல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஏங்க, உள்ள வந்துடட்டுமா? நடுவுல ஒரு கோடு மாதிரி வழி தெரியுது. அதுல விட்டா வந்துடலாம் போல இருக்கு. வெந்நீர்ல குளிக்கணும். நம்ம கட்டில்ல படுக்கணும்."

 அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். வழியும் இல்லை, கோடும் இல்லை. எங்கு பார்த்தாலும் நுரைதான். புயலில்கூட நிதானம் தவறாதவள் இல்லாத வழியைப் பார்க்கிறாள். வா என்று சொல்ல நாக்கு துடித்தது. எத்தனை ராத்திரி அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்!

ஆனால் அவருக்கு இந்தக் குரல் பழக்கமான குரல். லிஃப்ட் நின்றுபோனால் உள்ளேயிருந்து வருமே, அதே குரல். இருபத்தைந்து வருஷ வேலையில் அவர் கண்ட உண்மை இது: இரண்டு மாடிக்கு நடுவே இருட்டில் மாட்டிக்கொண்டவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. வியர்ப்பான், திட்டுவான், உட்கார்ந்திருப்பான். கதவு கொஞ்சம் திறந்து, மேல்மாடித் தரை மார்பு உயரத்தில் பளிச்சென்று தெரிகிறது பாருங்கள், அங்கேதான் உயிர் போகிறது. இவ்வளவுதானே என்று எம்பிக் குதிப்பான், கால் வழுக்கி லிஃப்ட் குழிக்குள் விழுவான். ஆசைப்பட்டது தூரத்தில் இருக்கிறவரைக்கும் மனுஷன் ஒழுங்காகத்தான் இருக்கிறான். கிட்டே வந்துவிட்டால்தான் அவனுக்குப் பொறுக்கமாட்டேன் என்கிறது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்று சும்மாவா சொன்னார்கள்?

மாட்டிக்கொண்டவர்களிடம் வழக்கமாகக் கேட்பதையே அவளிடமும் கேட்டார்.

"குடிக்கத் தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"படகுல எங்கயாவது ஒழுகுதா? ஒடைஞ்சிருக்கா?"

"இல்ல. எல்லாம் சரியா இருக்கு."

"உனக்கு அடி, காய்ச்சல், ஏதாவது?"

"இல்லங்க."

"கயிறு வேணுமா? கேக்கறதுல வெக்கமே இல்ல. வேணும்னு சொன்னா இந்த நிமிஷமே அனுப்பச் சொல்றேன். எனக்கு நீதான் முக்கியம், சங்கத்துச் சீட்டு இல்ல."

 அவள் மெதுவாகச் சொன்னாள். "படகு நல்லா இருக்கு. எனக்குத் தூக்கம்தாங்க."

"அப்ப தூங்கணும், அவ்வளவுதான். தூங்கற இடம் இது இல்ல. கப்பல் போற பாதையெல்லாம் தாண்டி வெளிய போ. அங்க படகை நிறுத்திட்டுத் தூங்கு. நாளைக்குக் காலையில தண்ணி உள்ள திரும்பும், காத்தும் தணிஞ்சிடும்னு கோபுரத்துல சொல்றாங்க."

அவளுக்கு அது தெரியாததல்ல. ஒரு பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானை மறுபக்கம் திருப்பிக் கட்டிவிட்டால் படகு ஓடாது. அதே இடத்தில் ஆடிக்கொண்டு கிடக்கும். நடுக்கடலில் எத்தனையோ தடவை அப்படித் தூங்கியிருக்கிறாள். வீடு கண்ணுக்குத் தெரியும்போது அதைச் செய்யத்தான் மனசு வரவில்லை.

"திரும்பிப் போகவா சொல்றீங்க?" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது.

"போயிட்டு வா," என்றார்.

பாய் ஒருமுறை படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு சாய்ந்து, கரைக்கு முதுகைக் காட்டியது. கூட்டத்தில் எல்லோரும் ஐயோ என்றார்கள். மெக்கானிக் அழுதார். மறைக்கவும் இல்லை.

"நீங்களே அனுப்பிட்டீங்களே மாமா," என்றான் ஸ்பீக்கர். முதல் தடவையாக அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"ஆமா மச்சான். எல்லாரையும் வேன்ல ஏத்து. வீட்டுக்குப் போங்க."

அவர் மட்டும் கோபுரத்துக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். காற்று கூடும்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் அவள் வீட்டில் இருந்திருப்பாள். சீட்டு போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். ராத்திரியில் வாக்கி டாக்கி பேசவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நினைக்காமல் இருக்க முடியாத வேறொன்றையும் நினைத்தார்.

காலையில் காற்று தணிந்தது. வெயில் ஏறும் நேரத்தில் அவள் இரண்டு சுவர்களுக்கும் நடுவே, தட்டில் வைத்த தண்ணீர் போல அலையில்லாமல் கிடந்த வழியில், மிச்சமிருந்த இளங்காற்றில் நிதானமாக உள்ளே வந்தாள். திங்கட்கிழமை. ஸ்பீக்கர் வேலைக்குப் போய்விட்டான், கைதட்ட ஆளில்லை. கோபுரத்து அம்மாள் மட்டும் ஜன்னலிலிருந்து கையசைத்தாள். மெக்கானிக் கயிற்றை வாங்கிக் கல்தூணில் கட்டினார். கால் பட்டதும் அவளுக்குத் தரை ஆடியது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் வரலையா?"

"எல்லாரும் நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்க."

அவள் சிரித்தாள். உதடு வெடித்திருந்ததால் அதுவும் வலித்தது.

"உன்னை வான்னு கூப்பிடத்தான் எனக்கு ஆசை," என்றார் அவர். "உசுரு போற மாதிரி இருந்துச்சு."

"அது உங்க குரல்லயே தெரிஞ்சுது," என்றாள் அவள். "அவ்வளவு ஆசைய வெச்சுக்கிட்டும் போயிட்டு வான்னு சொன்னீங்களே, அதனாலதான் நம்பித் திரும்பிப் போனேன்."