நாவல் எழுத வந்தவர்

இப்போதெல்லாம் மனுஷர்கள் வந்த காரியத்தை நேராகச் சொல்வதில்லை. வெயில் ஜாஸ்தியா என்பார்கள், ஏரியில் தண்ணீர் உண்டா என்பார்கள், மாட்டுக்குக்கூடப் பேர் கேட்பார்கள். விஷயம் வாயைவிட்டு வருவதற்குள் நாம் ஒரு வரப்பு வெட்டி முடித்துவிடலாம்.

சேக்காட்டுக் கிழவன் துலுக்கானத்துக்கு அதனாலேயே குடையும் கண்ணாடியுமாக வருகிறவர்களைக் கண்டால் ஆகாது. அதுவும் இந்த உலகச் சண்டைக் காலத்தில். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

அன்றைக்கு வந்தவர் பட்டணத்து ராஜசேகரன். ஏரியோரக் கழனியில் மடை திருப்பிக்கொண்டிருந்த கிழவனிடம் வெயிலைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு நோட்டைப் பிரித்தார்.

"நாவல் எழுதறேன், பெரியவரே. அதுக்குத்தான் விசாரிக்க வந்தேன்."

மண்வெட்டி அப்படியே நின்றது. துலுக்கானம் கழனி மூலையிலிருந்த நாவல் மரத்தைப் பார்த்தான். மரம் எழுதுவது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். கணக்குப்பிள்ளை வந்து எத்தனை பனை, எத்தனை புளி என்று எழுதுவான். முதலில் மரம் போகும். பின்னாலேயே மண்ணும் போகும்.

"அதை இன்னாத்துக்கு எழுதறே? எங்க தாத்தன் வெச்ச மரம் அது. பட்டாவுல கீது."

ராஜசேகரன் சிரித்துவிட்டார். "மரம் இல்லே, கதை. பெரிய கதைக்குப் பேரு நாவல். தாது வருஷப் பஞ்சத்தைப் பத்தி எழுதறேன். அப்போ சர்க்கார் இங்கே கஞ்சித்தொட்டி போட்டாங்களாமே, எந்த இடம்?"

துலுக்கானத்துக்கு அப்போது எட்டு வயது. அதே நாவல் மரத்தடியில்தான் கஞ்சி அண்டா வைத்திருந்தார்கள். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற தங்கச்சி உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் சர்க்கார் தொட்டி போட்ட இடம் சர்க்கார் இடம்தான் என்று நாளைக்கு ஒருத்தன் சங்கிலியோடு அளக்க வந்து நின்றால்?

"தொட்டியா? இங்க ஏது? அதெல்லாம் மாங்காட்டாண்ட."

"பழைய காகிதத்திலே சேக்காட்டு ஏரிக்கரைன்னு இருக்கே?"

"காயிதம் கையில வெச்சிகினு என்னை இன்னாத்துக்குக் கேக்கறே?"

"ஜனங்க எப்படி நின்னாங்க, எதுலே வாங்கிக் குடிச்சாங்கங்கறது அதுலே இல்லையே."

"கதைன்னா பொய்தானே நைனா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"பொய்க்கு எந்த ஊரா இருந்தா இன்னா? மாங்காடுன்னு எழுதிக்கோ."

"படிக்கிறவங்க நம்பணுமே."

"அப்படிச் சொல்லு. நம்ப வெக்கத்தான் இம்மாந்தூரம் வந்துகீறே."

ராஜசேகரன் பெருமூச்சு விட்டு, 'மாங்காடு' என்று எழுதிக்கொண்டார். "சரி, கஞ்சியை எதுலே வாங்கினாங்க?"

"ஒட்ஞ்ச சட்டி ஓட்டுல. சூடு தாங்காம கைமாத்திகினே..." வாய் முந்திக்கொண்டது.

ராஜசேகரன் நிமிர்ந்தார். அவர் பார்வை கிழவனைவிட்டு மெதுவாக நாவல் மரத்துக்குப் போயிற்று.

"மாங்காட்டுல!" என்று அடித்துச் சொல்லிவிட்டுத் துலுக்கானம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

வரப்பு முனையில் திரும்பிப் பார்த்தான். பட்டணத்துக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார்.

"கதை எழுதறவன் கிளையை எதுக்கு எண்ணுறான்?" என்று முனகிக்கொண்டே நடையை எட்டிப் போட்டான்.