பாலிஷ் மாமா தேய்த்த குழாய்

எதிர்வீட்டுப் பெரியவருக்கு இந்த மாடியில் பாலிஷ் மாமா என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் தேய்க்கிறார். கதவுக் கைப்பிடியில் தன் முகம் தெரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். என் பூட்டைக்கூடக் கேட்காமல் தேய்த்து அதன் நம்பரைக் காணாமலடித்தார். பொறுத்தேன். தன் மருமகளின் குழாயில் அவர் கை வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் ஆராய்ச்சிக்காரி. அது பென்சில் தடிமனில் ஒரு செம்புக் குழாய்; உள்சுவர் முழுக்க மயிரிழை போல வரிகள் திருகித் திருகி ஓடும். ஏசிக்குள் ஓடும் திரவத்தை அதில் ஓடவிட்டு, கொதிக்கும்போது எவ்வளவு சூட்டை இழுக்கிறது என்று அளக்க வேண்டும். ஆய்வுக்கூடத்து இயந்திரம் அவளுக்கு இந்த வாரம் மட்டும்தான். விட்டால் அடுத்த வருஷம். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய குழாயை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தால், மாமா கையில் டிரில், அதன் முனையில் கம்பி பிரஷ்.

"உள்ள ஒரே கீறல்மா. எவனோ உன்னை ஏமாத்திட்டான். இப்பப் பாரு, வழவழன்னு இருக்கு."

காது என்ன கதவா, சாத்தி வைக்க? எல்லாம் கேட்டது.

"அந்தக் கீறல்தான் மாமா வேலையே செய்யும். ஓடுற திரவத்தை அதுதான் சுவரெல்லாம் ஏத்தி நனைக்கும். நனைஞ்ச இடம்தான் கொதிச்சு சூட்டை உறிஞ்சும். இப்ப இது வெறும் ஓட்டை."

மன்னிப்பாவது கேட்டாரா? "நல்லதுக்குக் காலமில்ல" என்றார். உள்ளேயிருந்து மாமியார், "ஒரு முழக் குழாய்க்கு இந்தக் குதியா? வேற ஒண்ணு வாங்கிக்கோ" என்றாள், ஏதோ கத்தரிக்காய் போல. புருஷன் செய்தித்தாளுக்குள் குடியேறிவிட்டான்.

அவள் குழாயை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "உங்க ரூம் ஏசி புதுசுதானே மாமா?"

"போன கோடையில வாங்கினது. ஏன்மா?"

"அதுக்குள்ளயும் கீறல் போட்ட குழாய்தான். அளவு கொஞ்சம் வேற, பரவாயில்ல."

மதியமே அவள் கூப்பிட்ட மெக்கானிக் வந்து வாயுவை உறிஞ்சி எடுத்து, உள்ளே குழாய் மடிந்து மடிந்து ஓடும் காயிலைக் கழற்றிக் கொடுத்தான். மேல் தகடுகளைப் பிய்த்து, நேரான துண்டாகப் பார்த்து அவளே அறுத்தாள்.

"வெயில் காலம்மா இது" என்று மாமா குறுக்கே வந்தார்.

"வேற ஒண்ணு வாங்கிக்கலாம் மாமா."

இப்போது அவள் ஆய்வுக்கூடமே கதியென்று கிடக்கிறாள். அளவுகள் நன்றாக வருகின்றனவாம். படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். மாமா வியர்க்க வியர்க்க வாசலில் உட்கார்ந்து, வெற்று ஏசிக் கூட்டைத் தேய்க்கிறார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படியொரு பளபளப்பு. குளிர்தான் வராது.