கறுத்த பிலிம்

மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிலிம் கழுவுவது பஞ்சாலை என்ற பெண்ணின் வேலை. ஜப்பான்காரன் வந்த பிறகு நோயாளிகளைப் படம் எடுப்பது நின்றுபோனது. பௌதிகம் படித்த மொரியாமா என்ற அதிகாரி அந்த எக்ஸ்ரே மெஷினின் மின்சாரத்தைக் கொண்டு, ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் கன ஹைட்ரஜன் அணுக்களை மோதவிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு அணு ஒன்றாகச் சேர்ந்தால் வலுவான கதிர் கிளம்புமாம். மெஷினின் சாதாரணக் கதிரை ஈயத் தகடு தடுத்துவிடும். அந்தக் கதிர் மட்டும் தகட்டைத் துளைத்துப் பின்னாலிருக்கும் பிலிமைக் கறுக்கவைக்குமாம். மலாய் மொழியில் அவனே அவளுக்குச் சொன்னதுதான்.

பிலிம் ஒவ்வொரு முறையும் வெளுப்பாகவே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த லாரியில் அவள் புருஷன் வீரமுத்து ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகவேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார். பஞ்சாலை மொரியாமாவிடம் போய் நின்றாள்.

"பிலிம் கறுத்தால் எனக்குப் பம்பு சுற்ற ஆள் வேண்டும். உன் புருஷனை வைத்துக்கொள்கிறேன்," என்றான் அவன். "கறுக்காவிட்டால் எனக்கே இங்கே வேலையில்லை."

அடுத்த பிலிமைக் கழுவும் முன், அதில் வெளிச்சம் படும்படி இருட்டறைக் கதவைக் கண் இமைக்கும் நேரம் திறந்து மூடினாள்.

மொரியாமா கறுத்து வந்த பிலிமை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். "ஹித்தாம், ஹித்தாம்," கறுப்பு, கறுப்பு என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

வீரமுத்து லாரியில் ஏறவில்லை. ஈயத் தகடு இல்லாத பக்கத்தில், குழாயை ஒட்டி உட்கார்ந்து, காற்றை உறிஞ்சும் பம்பைப் பகலெல்லாம் சுற்றினான். சில மாதங்களில் கைத்தோல் சிவந்து உரிந்தது. நகங்கள் கழன்றன.

"இவரு பக்கமும் ஒரு தகடு வைங்க துவான்," என்று கெஞ்சினாள். ஈயம் இல்லை என்றான் மொரியாமா.

தண்ணீர்க் குழாயடியில் புருஷன் கையைக் கழுவிவிடும்போது உண்மையைச் சொன்னாள். "நாந்தாங்க கறுப்பாக்குறேன். நிறுத்துனா ஒங்கள சயாமுக்கு ஏத்திருவான்."

வீரமுத்து தண்ணீரிலிருந்து கையை எடுத்தான். "அங்க போனா சாவுதான். நீ கறுப்பாக்கு புள்ள. நான் சுத்துறேன்."

ஜப்பான் தோற்றதும், கறுத்த பிலிம்களைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு மொரியாமா போனான். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் வீரமுத்துவின் வலக்கையை வெட்டி எடுத்தார்கள். புண் ஆறவில்லை, அக்குளில் கட்டி புறப்பட்டது.

"இவர எக்ஸ்ரே பக்கத்துல ஒக்கார வெச்சது யாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"நாந்தாங்க," என்றாள் பஞ்சாலை.

"அவ இல்ல சார்," என்றான் வீரமுத்து கட்டிலிலிருந்து. "நானாத்தான் போய் ஒக்காந்தேன்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மழை பிடிக்கும் முன்பே வீரமுத்து செத்துப்போனான். பஞ்சாலை அதன் பிறகு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகவில்லை. பால் வெட்டத்தான் போனாள்.