குழாய் வைத்த போசி

சண்டை போடுவதென்றால் இந்தப் பக்கத்து ஆட்களைப் போல மரியாதையாகச் சண்டை போட யாராலும் முடியாது. வேலம்பாளையத்தில் கவின் வீட்டு முன்னறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கெட்ட வார்த்தை காதில் விழவில்லை. வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க என்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. வந்திருந்தவர்களோ மகளின் சீர்ப் பாத்திரங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள். கணியூரிலிருந்து கொண்டுவந்த குட்டியானை சரக்கு வண்டி, பின்கதவு திறந்தபடி வாசலில் நின்றது.

அப்பாவோடு வந்திருந்த ஜனனி காப்பியைத் தொடவில்லை. நாலு மாதத்துக்கு முன்பு அவள் விட்டுவிட்டுப் போன புருஷன் கவினின் வீடு. அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் இங்கேயே விட்டுவிடு என்றாலும் விட்டிருப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பெரிய எவர்சில்வர் போசி, சோறாக்குகிற பாத்திரம். அதில் அவள் அம்மா மருதம்மாளின் பேர் வெட்டியிருந்தது. அம்மா இப்போது இல்லை.

பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வண்டிக்குப் போயின. போசி மட்டும் வரவில்லை. கேட்டதற்கு மாமியார் தெய்வாத்தாள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அது மொட்டை மாடியில் அடுப்பில் இருக்கிறது, பையன் பார்லித் தண்ணி காய்ச்சுகிறான், அவனுக்குக் கிட்னியில் கல் என்றார். அவனுக்கு எந்தக் கல்லும் கிடையாது. அவன் காய்ச்சுவது பீர். பெங்களூரில் சிநேகிதன் வீட்டில் கற்றுக்கொண்டு வந்த வித்தை. போலீசுக்குத் தெரிந்தால் குடும்பத்தோடு கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான். அதனால் ஊருக்கெல்லாம் அது கஷாயம்.

பாத்திரம் எடுக்க இன்றைக்கு வருகிறோம் என்று சொல்லியனுப்பியும் இன்றைக்கே அடுப்பில் ஏற்றியிருக்கிறான். கொதிக்கிற பாத்திரத்தை யார் தூக்குவார்கள் என்கிற தைரியம்.

படியேறும்போது அவளுக்குப் பாத்திரக் கடைதான் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்குச் சீர் வாங்கப் போன அன்று மாப்பிள்ளையும் கூட வந்தான். மற்ற எதையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஒரு போசிக்குத்தான் அத்தனை ஆராய்ச்சி. அடியைத் தட்டிப் பார்த்தான், மெல்லிசாக இருந்தால் அடிபிடிக்கும் என்றான். வாயகன்றது வேண்டாம், நெட்டாக நிற்க வேண்டும் என்றான். ஊற்றுகிற அளவுக்கு மேலே காலி இடம் நிறைய வேண்டும், பொங்கினால் வழியக் கூடாது என்று ஒரு அளவு பெரியதாகக் கேட்டு வாங்கினான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சமையக்கட்டு வரைக்கும் யோசிக்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று பூரித்துப் போனாள். மேலே வெட்டினால் மூடி உரசித் தேய்ந்துவிடும் என்று, தன் பேரை அடிப்பக்கமாக வெட்டச் சொன்னதும் அவள்தான். பாவம், மருமகன் பீர் காய்ச்சப் பாத்திரம் தேர்ந்தெடுக்கிறான் என்று அந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்.

கல்யாணமான பிறகு அந்தப் போசியை ஜனனி தொடவே கூடாது என்றாகிவிட்டது. சமைத்தால் எண்ணெய்ப் பசை ஏறிவிடுமாம், பசை பட்டால் பீரில் நுரை நிற்காதாம். அம்மாவின் முதல் வருஷ நினைவு நாளுக்கு வந்த சொந்தக்காரர்களுக்காக, அவள் ஒரே ஒரு தடவை அதில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். பாதிப் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்த கவின், பாத்திரத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. மீதிச் சோற்றை அப்படியே தூக்கிப் போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கழுவ உட்கார்ந்துவிட்டான். இலையில் கை வைத்தவர்கள் அப்படியே எழுந்து போனார்கள். மறுநாள் ஜனனியும் போய்விட்டாள்.

மாடியில் சத்துமாவுக் கஞ்சி வாசமும் அதற்கு மேலே ஏதோ காட்டுப் பூவின் கசப்பும் சேர்ந்து அடித்தது. மூணு கால் அடுப்பில் போசி கொதித்துக்கொண்டிருந்தது. நீளக் கரண்டியோடு கவின் பக்கத்தில் நின்றான்.

"வாங்க," என்றான். "முடியற வரைக்கும் இறக்க முடியாதுங்க. வேணும்னா இது மாதிரி ரெண்டு புதுசு வாங்கித் தர்றனுங்க."

அவள் போசியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு குழாய் இருந்தது. பாத்திரத்தைத் துளைத்து, நட்டு போட்டு முடுக்கிய எவர்சில்வர் குழாய். அதன் ஒரு பக்கம் "மரு" என்று இருந்தது, மறுபக்கம் "ள்" என்று இருந்தது. நடுவில் நட்டு.

"இது எப்பங்க போட்டது?"

அந்தப் பைத்தியக்காரன் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தான். கொதிக்கக் கொதிக்கத் தூக்கி ஊற்றினால் ஆபத்து, குழாய் இருந்தால் திருகினால் போதும், லேத்துப் பட்டறையில் கொடுத்துத் துளை போட்டேன், அடியில் படிகிற கசடு வராத உயரத்தில் வைக்க வேண்டும் என்று அளந்து அளந்து விளக்கினான். பேச்சு நடுவில் நுரை எழும்பியது. உடனே அவளை மறந்து கரண்டியால் கலக்கி அடக்கினான்.

"அங்க எங்கம்மா பேரு இருந்துச்சுங்க."

"வேற எடத்துல போட்டா சரியா வராதுங்க," என்றான், நுரையைப் பார்த்தபடி.

அவனை அந்தக் கொதிக்கிற தண்ணியிலேயே முக்கி எடுக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கீழேயிருந்து அவள் அப்பா செங்கோட்டையன் குரல் கொடுத்தார்.

"கண்ணு, அந்த ஒண்ணு மட்டும் மாப்பிள்ளைக்கே இருக்கட்டும்னு பேசீட்டோம். ரெண்டு பேரும் வாங்க சாமி."

அவளைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள். அப்பாவுக்கு இன்னும் ஒரு நப்பாசை. ஒரு பாத்திரமாவது இந்த வீட்டில் இருந்தால், ஆறு மாதம் கழித்து மகளைத் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு வழி இருக்கும் என்று. கவின் சிரிக்கவில்லை, ஆனால் வாய் ஓரம் லேசாக இழுத்துக்கொண்டது. பெரியவங்க சொல்லீட்டாங்களே என்று தீயைக் குறைத்துவிட்டு, மாமனாரிடம் நல்ல பேர் வாங்கக் கீழே இறங்கினான்.

ஜனனி கேஸை அணைத்தாள். குழாய்க்கென்று அவன் வாங்கி வைத்திருந்த ரப்பர் டியூப் பக்கத்திலேயே சுற்றி வைத்திருந்தது. ஒரு முனையைக் குழாயில் செருகினாள். மறுமுனையை மழைத்தண்ணி இறங்கும் ஓட்டையில் விட்டாள். திருகினாள். அவன் சொன்னது நிஜம்தான், ஒரு சொட்டு மேலே படவில்லை, துளி சிரமமில்லை. அடியில் நின்ற கசட்டைப் போசியைச் சாய்த்து ஊற்றினாள்.

மழைக் குழாய் வாசல் சாக்கடையில் போய் விழும். அங்கே நின்றிருந்த வண்டிக்காரர், ஏனுங்க, மாடியிலிருந்து டீ கொட்டுதுங்க என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார். கவின் பாய்ந்து படியேறினான். பாதிப் படியில் அவள் எதிரே வந்தாள். துப்பட்டாவைச் சுற்றிப் போசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதன் காலி வயிற்றைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்துப் போனது.

"ஓட்டைப் போசிய வெச்சுட்டு என்னடி பண்ணப் போற?"

"தள்ளுங்க. சூடா இருக்குது."

அவன் தள்ளி நின்றான்.

முன்னறையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். செங்கோட்டையன் மகளைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். அவள் போசியை அவருக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "மரு"வையும் நட்டையும் விரலால் தடவினார். சூடு சுட்டிருக்கும், கையை எடுக்கவில்லை.

நிலைமையைச் சமாளிக்கத் தெய்வாத்தாள், காப்பி ஆறிப் போச்சுங்களே சம்பந்தி, வேற கொண்டுவரச் சொல்றனுங்க என்றார்.

"வேண்டாமுங்க," என்றார் செங்கோட்டையன். "இனி இந்த ஊட்டுத் தண்ணி எங்களுக்கு வேண்டாமுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். சாக்கடையில் பழுப்புத் தண்ணி இன்னும் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கிட்னிக் கல் கஷாயத்தின் வாசம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வண்டி மங்கலம் ரோட்டில் ஏறியது. மகள் மடியில் இருந்த போசியைப் பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார்.

"இதுல இனி என்ன சாமி வெப்பே?"

"ஒண்ணும் வெக்க முடியாதுங்கப்பா. அங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதானுங்க."

குழாயிலிருந்து மிச்சம் சொட்டி அவள் சுடிதார் பிசுபிசுத்தது. பின்னால் போட்டுவிடலாமே என்றார் வண்டிக்காரர். ஜனனி கொடுக்கவில்லை.