மிச்சம் பிடித்த தண்ணீர்

எங்கள் தெருக் குழாயில் வெறும் காற்றுதான் வரும். நான் வேலை பார்க்கும் குளிர்பானத் தொழிற்சாலையின் ஆழ்துளைக் கிணறுதான் அத்தனையையும் உறிஞ்சுகிறது என்று தெருவே சொன்னது. குழாயடிப் பெண்கள் என் முகத்தில் விழிக்கமாட்டார்கள். என் மனைவியைத்தான் குத்திக்காட்டுவார்கள்.

அதனால்தான் தொழிற்சாலையில் தலைகீழாக நின்று ஒரு வேலையைச் செய்தேன். பாட்டில்களைக் கடைசியாக அலசும் தண்ணீர் ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும். அதைச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் பிடித்து, அடுத்து வரும் அழுக்குப் பாட்டில்களின் முதல் அலசலுக்குத் திருப்பிவிட்டேன். கிணற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. இனி குழாயில் தண்ணீர் வரும் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

இன்று மேனேஜர் என் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். பாட்டிலில் குளிர்பானம் நிரப்பும் பழைய இயந்திரத்துக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று நின்றது.

"மிச்சமான தண்ணிய சும்மா விட முடியுமா? உன்னாலதான்யா இது வந்துச்சு. நீயே ஸ்விட்ச போடு."

"சார், எங்க தெருவுல குடிக்கவே தண்ணி இல்ல சார்."

"அதுக்கு நான் என்னய்யா பண்றது? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க, போடு."

பாழாய்ப்போன கை, போட்டுவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வீடு திரும்பும்போது குழாயடியிலிருந்து தெருமுனை வரை குடங்கள் வரிசையாக இருந்தன. முதல் குடம் எங்களுடையது.

"நீங்க சொன்னீங்கன்னுதான் எல்லாரையும் வரச் சொன்னேன்" என்றாள் மனைவி.

அந்தப் பெண்கள் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.