வெட்டுக்கூலி

"வீட்டு மனுஷிக்குக் கூலி போட்டு நான் எங்கயும் பார்த்ததில்லை" என்று மாமனார் பேனாவை மூடினார்.

மருமகள் சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் நின்றிருந்தாள். மேசை நிறைய ஸ்டிக்கர் தாள்கள். பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் ஒட்டும் பெயர்ச் சீட்டுகள். பூ, மீன், மேகம் என்று எல்லாம் அவள் வரைந்தவை. தாளுக்கு இருபத்து நான்கு. ஒவ்வொன்றையும் ஓரம் பிசகாமல் கத்தரியால் வெட்டி எடுக்கத் தாளுக்குக் கால் மணி நேரமாகும். ஒரு பள்ளிக்கூடம் இருநூறு தாள் கேட்டிருந்தது. விலை கேட்டு எந்த நிமிடமும் போன் வரலாம்.

மாமனார் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் விலைக் கணக்குப் போட்டு ஓய்வு பெற்றவர். தரை கூட்டுகிறவரின் கூலியைக்கூட ஒரு தடவையும் விட்டதில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். இங்கே அவர் போட்டது இதுதான்: ஒரு தாளுக்குக் காகிதம் ஆறு ரூபாய், மை மூன்று, மேலே ஒட்டும் பளபளப்பு உறை நான்கு, மின்சாரம் ஒன்று, பிரிண்டர் தேய்மானம் இரண்டு. கடைசியாகக் கூச்சமே இல்லாமல் வாசித்தார்.

"மேற்பார்வை ஒண்ணு."

"மேற்பார்வை யாரு மாமா?"

"நான்தாம்மா. பின்ன யாரு பார்க்கிறா?"

பார்த்தது உண்மைதான். நாற்காலியில் சாய்ந்தபடி, அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு பார்த்தார். அடக்கம் பதினேழு, லாபம் மூன்று, விலை இருபது என்று முடித்திருந்தார்.

"வெட்டுறதுக்கு அஞ்சு சேருங்க மாமா. மொத்தம் அம்பது மணி நேர வேலை."

சோபாவில் கிடந்த கணவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டுல வெட்டியா இருக்கிற நேரத்துல வெட்டுறதுக்குக் கூலியா?" என்று கேட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். அவன் போட்டிருந்த சட்டையை அன்று காலை தேய்த்துக் கொடுத்தவளும் அந்த வெட்டியானவள்தான்.

"நாங்கல்லாம் கூலி கேட்டோமா?" என்றாள் மாமியார், சமையலறை வாசலிலிருந்து. கேட்கவில்லைதான். கிடைக்கவுமில்லை. அதைப் பெருமை என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"பிரிண்டர் தேயுதுன்னு ரெண்டு போட்டீங்களே மாமா. என் விரல் தேயலையா?"

"பிரிண்டர் காசு போட்டு வாங்கினதும்மா."

ஓசியில் வந்தது தேயாது என்பது அவருடைய கணக்கு.

போன் அடித்தது. மருமகளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பள்ளி அலுவலகத்து அம்மாள்.

"தாள் இருபத்தஞ்சுங்க. வெட்டுக்கூலி அஞ்சும் அதுலயே சேர்ந்திருக்கு" என்றாள் மருமகள்.

"கையால வெட்டுறதுன்னா ஆகத்தானே செய்யும். சரிம்மா, ரெண்டு வாரத்துல குடுத்துடுங்க."

மாமனாரின் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்து, லாபம் மூன்று என்பதை அடித்து எட்டு என்று எழுதினார். மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"அதுல அஞ்சு என் கூலி மாமா."

"அது அவங்ககிட்ட சொல்றதுக்கும்மா. நமக்குள்ள என்ன? எல்லாம் குடும்பக் காசுதானே."

"அப்ப குடும்பமே வெட்டட்டும்" என்றாள் அவள்.

இருநூறு தாளையும் அச்சடித்து அடுக்கி வைத்தாள். மறுநாள் தெருமுனை அச்சுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெட்டுவதற்கு ஆள் தேவை என்று அங்கே ஒரு மாதமாக அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மானம் போயிற்று என்றார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

வீட்டில் மூன்று பேரும் கத்தரியோடு உட்கார்ந்தார்கள். பூ இதழை இழந்தது, மீன் வாலை இழந்தது. மாமனாரின் மேற்பார்வையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாளில் உருப்படியாக ஒரு தாளும் தேறாமல் பதினொன்று பாழாயிற்று. மீதியைத் தூக்கிக்கொண்டு கணவன் அதே அச்சுக்கடைக்கு வந்தான். அந்தப் பக்கத்தில் கையால் வெட்டிக் கொடுக்க வேறு கடை இல்லை.

"தாளுக்கு எட்டு" என்றார் கடைக்காரர்.

கணவன் அப்பாவுக்குப் போன் போட்டான். கிழவரின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"எட்டா? வெளியாளுன்னா கேக்கத்தான்டா செய்வாங்க. பேரம் பேசி வேலையைக் கெடுத்துடாத. குடுத்துட்டு வா."

கடைக்காரர் தாள்கட்டை வெட்டும் மேசைக்கு நகர்த்தினார். அங்கே இருந்தவள் வாங்கிக்கொண்டாள். கணவன் குனிந்து, "வீட்டுக்கு வந்து செஞ்சுடலாமே, எதுக்கு இந்தத் தண்டச் செலவு?" என்று முணுமுணுத்தான்.

அவள் தாள்களை எண்ணி முடித்தாள். நூற்று எண்பத்தொன்பது. ரசீது எழுதிக் கிழித்து நீட்டினாள்.

"அடுத்த புதன்கிழமை வாங்க. பாக்கி பதினொண்ணையும் அச்சடிச்சுக் கொண்டாந்துடுங்க. பின்னால ஆள் நிக்கிறாங்க, கொஞ்சம் ஓரமா நில்லுங்க."