பேசி முடித்த கடன்

"அறுநூற்றுப் பதினெட்டு" என்று சொல்லிவிட்டு ஷாஹின் பானு கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும்.

"எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன்.

"எழுநூறாவது இருந்தா மேல அனுப்பிப் பாக்கலாம். இந்தக் கிரெடிட் ஸ்கோருக்கு அனுப்பினா அன்னைக்கே திருப்பிருவாங்க. ஒரு கிரெடிட் கார்டு கடன் இருந்திருக்கு பாருங்க. முழுசா கட்டாம பேசி முடிச்சதா பதிவாயிருக்கு."

"அதான் முடிஞ்சுட்டே?"

"உங்களுக்கு முடிஞ்சிருக்கு. வர்ற கடனைப் பாதிக்கு விட்டுக்கொடுத்தவன் அதை எழுதி வைக்காம இருப்பானா? ஏழு வருஷம் நிக்கும்."

கடன் எனக்கில்லை, தங்கச்சி சங்கரேஸ்வரிக்கு. பி.எஸ்சி. நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. முதல் வருஷ ஃபீஸ் எண்பத்தைந்தாயிரத்தைப் பன்னிரண்டு நாளைக்குள் கட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பா பனவடலிசத்திரத்தில் ஆடு மேய்க்கிறவர், சம்பளச் சீட்டு கிடையாது. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் பதினாறாயிரம் வாங்குகிற நான்தான் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. என் கையெழுத்தால்தான் சீட்டு போகப் போகிறது.

"மீதியக் கட்டிட்டா?"

"கட்டலாம். அறுபத்தாறாயிரம் சொச்சம் வரும். அவங்க லெட்டர் குடுத்து, பதிவு மாறி, ஸ்கோர் ஏற மாசக்கணக்காகும். பன்னிரண்டு நாள்ல நடக்காது செல்வி."

பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

அந்தக் கார்டு சென்னையில் நான் வேலை பார்த்த ஆபீஸ் வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தன் என் தலையில் கட்டியது. ஆறு மாசம் அதை நான் தொடவே இல்லை. முப்பிடாதி அத்தை மகள் சுப்புலட்சுமி பெரிய மனுஷியானாள். அப்பா தாய்மாமன். சீர் செய்ய வேண்டும். "ரெண்டு பவுன் செயின் இல்லாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பந்தல்ல நிப்பேன்?" என்று போனில் கேட்டார். அத்தை வீட்டில் நாலு தறி ஓடுகிறது, எங்கள் வீட்டில் நாலு சுவர்கூட ஒழுங்காக இல்லை. ஆனாலும் சீர் என்றால் சீர்தான். நகைக்கடையில் கார்டை நீட்டினேன், எண்பத்திரண்டாயிரம். பந்தலில் மைக் வைத்து அறிவித்தார்கள். அப்பா அன்றைக்கு ஓர் அடி உயரமாகத் தெரிந்தார்.

மாசாமாசம் பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு கட்டத்தில் போட்டிருப்பான். அதை மட்டும் கட்டிக்கொண்டே வந்தேன். பி.காம். படித்தவள், முதலும் வட்டியும் பாடமாகப் படித்தவள், கட்டினால் குறையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலையும் போனது. ஊருக்கு வந்தபோது கடன் ஒரு லட்சத்து இருபத்துநாலாயிரம். வசூல்காரன் அம்மாவுக்கே போன் போட்டான்.

அப்போதுதான் குருநாதன் மாமா வந்தார். அத்தை வீட்டுக்காரர். வரப்புத் தகராறு, சீட்டுத் தகராறு எதுவானாலும் பேசி முடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் பேசி முடிப்பது என்றால், கடன் கொடுத்தவன் பாதியை வாங்கிக்கொண்டு நாலு பேர் முன்னால் புரோநோட்டைக் கிழித்துப் போடுவான். எல்லாருமாக டீ குடிப்பார்கள். அதற்கு மேல் அந்தக் கடனைப் பற்றி வாய் திறந்தால் கொடுத்தவனுக்குத்தான் கேவலம். மாமா அந்த வசூல்காரனிடமும் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர் மாதிரியே பேசினார். "ஏலே தம்பி, ஆட்டுக்காரன் வீட்ல எங்கனலே லட்சம் இருக்கும்?" நாலு நாள் பேசி ஐம்பத்தெட்டாயிரத்துக்கு இறக்கினார். அப்பா பதினோரு ஆட்டை விற்றார். தறிக்கொட்டகையில் நூல் வெட்டுகிற கத்தரியால் மாமா கார்டை இரண்டாக நறுக்கினார். டீ வந்தது, கூடவே வடையும் வந்தது.

வங்கியிலிருந்து நேராக அந்தத் தறிக்கொட்டகைக்குத்தான் போனேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். எனக்கு வசதியாக இருந்தது.

"மாமா, நீங்க பேசி முடிச்சது முடியல."

தறியை நிறுத்தச் சொன்னார். வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்து முழுசும் கேட்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி முடிஞ்ச கணக்கு. ஆம்பளைங்க பேசின பேச்சு. அவனெப்படி மாத்திப் பேசுவான்? இரு" என்று போனை எடுத்தார். அந்த வசூல்காரன் நம்பரை 'கார்டு தம்பி' என்று பத்திரமாக வைத்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டார், அவளேதான் சொன்னாள். மாமா போனைத் துண்டால் துடைத்துக் கீழே வைத்தார்.

"பேச ஆளே இல்ல மாமா. கம்ப்யூட்டரோட உக்காந்து டீ குடிக்க முடியாது."

"ஏட்டி, வாய்க்கொழுப்பா?" என்றாள் அத்தை.

"அத்தை, அந்தச் செயின் வேணும்."

அத்தைக்கு முதலில் புரியவில்லை.

"சுப்புலட்சுமிக்குப் போட்ட ரெண்டு பவுன். அடகு வச்சு சங்கரிக்கு ஃபீஸ் கட்டணும். அடகுக்கு எவனும் என் ஸ்கோரப் பாக்க மாட்டான், நகையைத்தான் உரசிப் பாப்பான். இன்னைக்கு விலைக்கு லட்சம் குடுப்பான். திருப்பித் தந்துருவேன்."

"தாய்மாமன் சீரையா கேக்க?" அத்தை எழுந்தேவிட்டாள். "எந்த ஊர்லட்டி சீரைத் திருப்பிக் கேட்டிருக்காவ? எங்க அண்ணன் அனுப்புச்சா உன்னய?"

"அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துருவாரு. நான்தான் கேக்கேன். பில்லு என் பேர்ல. அந்தச் செயினுக்கு நான் இன்னும் அஞ்சு வருஷம் கடன்காரி. கழுத்துல போட்டவ நல்லாருக்கட்டும், எனக்கு அது ஒண்ணும் பொறாம இல்ல. ஆனா என் தங்கச்சி படிக்கணும். மாமா பேசின பேச்சாலதான் இது வந்துச்சு."

சொல்லியிருக்கக் கூடாது. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது மருமவளே. உங்க அப்பனுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி தாள் ஒண்ணு வந்துச்சே, அதை யாரு வாசிச்சா?"

"நான்தான்."

"அதுல இது போட்டிருந்துச்சா?"

போட்டிருந்தது. கடைசிப் பத்தி, நாலு வரி. முழுத் தொகை கட்டப்படவில்லை, அவ்வாறே பதிவுசெய்யப்படும் என்று. அப்பா ஆட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வெறும் கயிற்றோடு வந்து நின்றார். எனக்கு அந்தக் கடன் அன்றைக்கே தொலைய வேண்டும். இந்த ஊரில் இதை எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். மேலே இருந்ததை மட்டும் தமிழில் சொல்லிவிட்டுத் தாளை மடித்தேன்.

"போட்டிருந்துச்சு. நான் அதை வாசிச்சுச் சொல்லல."

கதவுக்குப் பின்னால் நின்ற சுப்புலட்சுமி மெல்ல உள்ளே நகர்ந்தாள்.

மாமா பீரோவைத் திறந்தார். சிவப்புப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். "கொண்டு போ. அந்தப் பிள்ள படிக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லுதேன். திருப்பித் தரவேண்டாம். சீர் திரும்பிப் போயிட்டு. நாளைக்கு இவ கல்யாணத்துக்கு உங்க அப்பன் தாய்மாமன்னு வந்து நிக்க வேண்டாம்."

அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அப்போதாவது நான் பெட்டியைத் திருப்பி வைத்திருக்கலாம். கல்லூரியின் கடைசித் தேதி என் போனில் இருந்தது. எடுத்துப் பைக்குள் போட்டேன்.

அடகுக் கடையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்தான். ஃபீஸ் கட்டியது போக மீதியில் சங்கரிக்கு வெள்ளை யூனிபாரம் எடுக்க வேண்டும். ரசீதை போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அழுகிற பொம்மை ஐந்தாறு அனுப்பினாள். எப்படிக் கட்டினேன் என்று கேட்கவில்லை.

பனவடலிசத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும்போது அப்பா கிடையில் குட்டிகளை அடைத்துக்கொண்டிருந்தார். பதினோரு ஆடு போன இடத்தில் இப்போது மூன்று குட்டி நிற்கிறது. மாமா போன் பண்ணியிருப்பார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஃபீஸ் கெட்டியாச்சா?"

"கெட்டியாச்சு."

"முப்பிடாதி அழுதாளா?"

"அழுதா."

கிடை வாசல் படலை இழுத்துக் கட்டினார். ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு போட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். சின்ன வயசில்கூட அடித்ததில்லை.

"அந்தத் தாள் இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துட்டு வா. அன்னைக்கு விட்டதை வாசி."

டிரங்குப் பெட்டியில் என் டிகிரி சர்டிபிகேட்டுக்கு அடியில் இருந்தது. கொண்டு வந்து அவர் முன்னால் நின்று அந்த நாலு வரியை முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் வாசித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை. படலில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் வாசி" என்றார்.